சிவப்பு மையில் ஒரு குசினி

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு உதவும்படி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். நான் அளந்த வீடுகள், எனக்குக் கிடைத்த பாராட்டுகள் என்று எதிர்பார்த்திருப்பார்கள். பாராட்டு விஷயத்தை அரைப் பக்கத்தில் முடித்துவிடலாம். அதனால் இடிக்கக் கூடாத ஒன்றை இடிக்கச் சொல்லி நான் படம் வரைந்த கதையை எழுதுகிறேன். பசறைப் பக்கம் நடந்தது. தோட்டத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். என் முகத்தை ஞாபகம் வைத்திருப்பவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. தேயிலைத் தோட்டங்கள் அரசாங்கத்திடமிருந்து கம்பெனிகளின் கைக்குப் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. வெள்ளைக்காரன் கட்டிய பங்களாவில் சுற்றுலா வரும் வெள்ளைக்காரனையே காசு வாங்கிக்கொண்டு படுக்கவைக்கலாம் என்று யாருக்கோ தோன்றியது. அந்த யோசனை காய்ச்சல் போலப் பரவி, ஊவா முழுக்க பங்களாக்களை அளக்க ஆள் தேடினார்கள். நான் பதுளையில் படவரைஞராக இருந்தேன். முப்பது வயது. தெமோதரைப் பக்கம் தொழிலாளர் வரிசை வீடான ஒரு லயத்தில் பிறந்து, தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, கழுத்துப்பட்டி கட்டத் தெரிந்துகொண்டவன். கழுத்துப்பட்டியைப் பற்றி ஏன் சொல்கிறேன் என்றால், நடந்த தப்பில் பாதி அதனால் வந்தது.

அன்றைய வேலைமுறை இதுதான். முதலில் கட்டிய சுவரைக் கறுப்பு மையால் வரைவோம். பிற்பாடு சேர்த்ததைச் சிவப்பு மையால் வரைவோம். கறுப்பு நிற்கும், சிவப்பு போகும். இடிக்க வரும் கொத்தனார்கள், பாஸ்மார், குறிப்புகளை வாசிக்க மாட்டார்கள், நிறத்தை மட்டும் பார்ப்பார்கள். ஆகவே அந்தச் சிவப்புப் பேனா கையில் இருக்கும்போது என்னை ஒரு நீதிபதி என்றே நினைத்துக்கொள்வேன்.

பங்களா ஒரு மேட்டின் உச்சியில் நின்றது. முன்னால் ஆறு தூண், அகன்ற விறாந்தை, ஓட்டுக்கூரை. தூரத்திலிருந்து பார்த்தால் கம்பீரம். உள்ளே போனால்தான் வேடிக்கை. தோட்டத்தை நடத்த வந்த துரைமார் ஒவ்வொருவரும் தன் பங்குக்கு எதையாவது செய்துவிட்டே போயிருந்தார். துரையின் மனைவியான ஒரு துரைசானி மலையைப் பார்க்க வேண்டும் என்று சுவரை உடைத்து வளைவான கண்ணாடி ஜன்னல் வைத்திருந்தாள். அடுத்து வந்தவள் காற்று வருகிறது என்று அதே ஜன்னலைப் பலகையால் மூடிவிட்டாள். ஒரு துரை விறாந்தையின் நடுவிலேயே குளியலறை கட்டினார். வருகிற விருந்தாளி வணக்கம் சொல்லுமுன் கக்கூஸைப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். தோட்டங்கள் அரசாங்கத்திடம் இருந்த காலத்தில் வந்த ஒருவர் நடன மண்டபத்தைப் பலகையால் மூன்றாகப் பிரித்து, குளிர்காயும் அடுப்புக்குள் கோப்புகளை அடுக்கியிருந்தார். எனக்குச் சிவப்பு மை இரண்டு போத்தல் போதவில்லை.

கம்பெனியின் பணிப்பாளர் ஒருவர் கொழும்பிலிருந்து வந்து போவார். அவருக்கு வாயில் ஒரே சொல்தான்: அசல். எதைக் காட்டினாலும் இது அசலா என்று கேட்பார். முதல் துரை கட்டியது மட்டும் நிற்க வேண்டும், அதற்குப் பிறகு சேர்ந்த ஒரு செங்கல்கூட இருக்கக் கூடாது என்று கடிதத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அவருக்கும் எனக்கும் நடுவில் இருந்தவர் கட்டடக்கலைஞர், யாழ்ப்பாணத்துப் பெண்மணி, கொழும்பில் தொழில் செய்தவர். நாங்கள் மிஸ் என்போம். சிரிக்காமலே கேலி செய்வார். அவர் பேசி முடித்து நாலு நிமிடம் கழித்துத்தான் குத்து எங்கே விழுந்தது என்று நமக்குத் தெரியும்.

பங்களாவின் பின்பக்கத்தை ஒட்டி, தகரக் கூரை போட்ட நீளமான அறை ஒன்று இருந்தது. பாதி, சமைக்கும் குசினி. பலகைத் தடுப்புக்கு அப்பால் மற்றப் பாதியில் சமையல்காரர் வேலாயுதமும் அவர் மனைவி ராக்கம்மாவும் குடியிருந்தார்கள். வேலாயுதம் ஆறு துரைக்குச் சமைத்தவர். வெள்ளைக் கோட்டுப் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, நாட்டின் மந்திரி போல நடப்பார். ராக்கம்மா குள்ளம், கூர்மை. வாயைத் திறந்தால் மந்திரியே ஓரமாகப் போய் நிற்பார்.

முதல் நாளே ராக்கம்மா என்னை உள்ளே வந்து ரொட்டி சாப்பிடச் சொன்னாள். நான் போகவில்லை. அந்தக் கதவைத் தாண்டினால் எந்தத் தோட்டம், யார் மகன், அம்மா எந்த மலையில் கொழுந்து எடுத்தது என்று கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். முன்வாசலில் என்னை ஐயா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அது பிடித்திருந்தது. இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

ஆகவே அந்த அறையை வெளியே நின்றே அளந்தேன், அதுவும் தூறலில், அவசரமாக. வெளிப்பூச்சு சீமெந்து, கூரை தகரம். தகரம் என்றால் பிந்தியது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். சுவர் எவ்வளவு தடிப்பு என்று பார்க்க உள்ளே போக வேண்டுமே. போகாமலே ஒன்பது அங்குலம் என்று எழுதினேன். குசினிக்கும் சாப்பாட்டு அறைக்கும் பொதுவான சுவரில், சாப்பாட்டு அறைப் பக்கம், இரட்டை மரக்கதவு ஒன்று இருந்தது. அதைத் திறந்துகூடப் பார்க்காமல் 'சுவர் அலுமாரி' என்று அழகான எழுத்தில் எழுதினேன். நான்கு சுவருக்கும் சிவப்பு மை. படம் கொழும்புக்குப் போய், கையெழுத்தாகித் திரும்பி வந்தது. செவ்வாய்க்கிழமை இடிப்பு. வேலாயுதத்துக்கும் ராக்கம்மாவுக்கும் கீழே பழைய லயத்தில் ஒழுகும் ஒற்றை அறை, காம்பரா ஒன்று ஒதுக்கியிருந்தார்கள்.

அதை அவர்களிடம் போய்ச் சொல்ல வேண்டியவன் நான். வெள்ளிக்கிழமை போனேன். இந்தமுறை வெளியே நின்று பேச முடியவில்லை, மழை அப்படி. கேட்டுவிட்டு வேலாயுதம் கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினார், திரும்பப் போட்டார். ராக்கம்மாதான் பேசினாள்.

"என் மூணு புள்ளையும் இந்த அடுப்பு ஓரத்துலதான் பொறந்துச்சு. அந்தக் காம்பராவுல மாடு கட்டியிருந்தாங்க. மாட்டை எங்க கொண்டு போவீங்களாம்?"

அவள் ரொட்டித் தட்டை எடுத்து என் பக்கத்தில் சுவரிலிருந்த ஒரு திறப்பின் அடிக்கல்லில் வைத்தாள். தட்டு தானாக நகர்ந்தது. மெதுவாக, மரியாதையாக, என்னைவிட்டு அந்தப் பக்கம் போயிற்று. நான் எட்டிப் பிடித்தேன்.

வேலாயுதம் வெட்கப்பட்டுப்போய் ஒரு சின்னப் பலகையை எடுத்துவந்தார். தேயிலைப் பெட்டிப் பலகையைச் சீவிச் செய்த ஆப்பு. அதை அடிக்கல்லில் வைத்து அதன்மேல் தட்டை வைத்தார். இந்தக் கல் எப்போதுமே இப்படித்தான் சரிந்து கிடக்கிறது, சாப்பாட்டு அறைக்கு இதன் வழியாகத்தான் கறிகளைக் கொடுப்போம், ஆப்பு வைக்க மறந்தால் எல்லாம் துரை மடிக்குத்தான் போகும், ஒவ்வொரு துரையிடமும் மட்டமாக்கித் தரச் சொல்லிக் கேட்டேன், எவரும் செய்யவில்லை என்றார்.

நான் எழுதிய சுவர் அலுமாரி இதுதான். அதன் மறுபக்கக் கதவுகள்தான் சாப்பாட்டு அறையில் நான் திறக்காமல் விட்டவை. கையை உள்ளே விட்டேன். முழங்கையைத் தாண்டிப் போயிற்று. ஒன்பது அங்குலம் இல்லை, இரண்டடிக் கருங்கல் சுவர்.

பிள்ளைகளே, ஜன்னலின் அடிக்கல்லை ஏன் சரிவாக வைக்கிறோம்? மழைத் தண்ணீர் வெளியே வடிய. வெளிப்பக்கம் எதுவோ அந்தப் பக்கம்தான் சரியும். இந்தக் கல் சாப்பாட்டு அறைப் பக்கம் சரிந்திருந்தது. அப்படியானால் இது ஜன்னலாக இருந்த காலத்தில் சாப்பாட்டு அறை இல்லை. அந்த இடத்தில் அப்போது மழைதான் பெய்துகொண்டிருந்தது. முதல் துரை வந்து காடு வெட்டியபோது தங்கிய கல்வீடு இந்தக் குசினிதான். ஆறு தூணும் நடன மண்டபமும் பிறகு வந்து இதில் ஒட்டிக்கொண்டவை. முதலில் கூரை வேய்ந்த மானாப்புல் மக்கிப்போனதும் தகரம் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். கூரை மேற்சட்டை மாதிரி, அதைப் பார்த்து வயசு சொன்ன முட்டாள் நான்.

அவர்களிடம் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. நம்பிக்கை கொடுத்துவிட்டுக் கைவிட்டால் அது இன்னும் பெரிய பாவம் என்று நினைத்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேலை போய்விடுமோ என்ற பயமும் இருந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை மிஸ் முன்னதாக வந்தார். பணிப்பாளர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது. மிஸ்ஸைத் தனியே கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். படத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"நீர் உள்ளுக்குப் போய் அளந்தனீரோ?"

"இல்லை மிஸ்."

"அப்ப ஒம்பது இஞ்சி எண்டு எப்பிடித் தெரியும்? கனவிலையோ கண்டனீர்?"

தலையைக் குனிந்துகொண்டேன். திட்டு முடிந்தபிறகு அவர் அந்த அடிக்கல்லில் தன் பேனாவை வைத்து, அது உருண்டு போவதைப் பார்த்தார். எடுத்து இன்னொருமுறை வைத்தார். மூன்றாம் முறை வைக்கும்போது அவர் முகத்தில் சிறுபிள்ளை சந்தோஷம் ஒன்று தெரிந்தது. கையெழுத்துப் போட்ட ஆளுக்கு வாயால் சொன்னால் ஏறாது, கண்ணால் காட்ட வேண்டும் என்றார். வீட்டைக் காப்பாற்ற இதுதான் வழி, ஆப்பை எடுத்துவிட்டு இன்றைக்குச் சாப்பாடு பரிமாறுங்கள் என்று வேலாயுதத்திடம் சொன்னார்.

வேலாயுதம் முடியாது என்றுவிட்டார். ஆறு துரைக்கு ஒரு சொட்டுச் சிந்தாமல் பரிமாறிய கை, வீடு போனாலும் பரவாயில்லை, அந்தப் பேரைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன் என்றார். எவ்வளவு சொன்னாலும் அசையவில்லை. ராக்கம்மா பக்கத்தில் நின்று பூசணிக்காயை வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

பணிப்பாளர் வெள்ளைக் காற்சட்டையில் வந்தார். அந்தத் திறப்புக்குப் பக்கத்து நாற்காலியில் அவரை உட்காரவைத்தது மிஸ்ஸின் ஏற்பாடு. வேலாயுதம் சாப்பாட்டு அறையில் நின்றார். ராக்கம்மா குசினியிலிருந்து கொடுத்தாள். ஆப்பு அங்கே இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அவர் மரக்கதவைத் திறந்தார். ஆப்பைக் காணோம். முதலில் பருப்புக் கோப்பை வந்தது. வேலாயுதம் பிடித்துக்கொண்டார். முகம் மாறவில்லை. பின்னாலேயே கோழிக்கறி. அதை இடது கையால் பிடித்தார். இரண்டு கையும் நிறைந்துவிட்டது. அப்போதுதான் பூசணிக்காய் புறப்பட்டது. அவசரமே இல்லாமல், முழுக் கோப்பையும், மஞ்சளாக, ஓரம்வரை வந்து ஒரு கணம் நின்றது. பிறகு பணிப்பாளரின் மடியில் இறங்கியது.

வேலாயுதத்தின் முகத்தை அதற்குமேல் என்னால் பார்க்க முடியவில்லை. குசினிப் பக்கம் சத்தமே இல்லை. பணிப்பாளர் எழுந்து, இந்தக் கல் ஏன் இப்படிச் சரிந்து கிடக்கிறது என்று கத்தினார். மிஸ் என்னைப் பார்த்தார். மழைத் தண்ணீர் வெளியே போவதற்காக என்றேன். வெளியே என்றால் எங்கே என்றார். நீங்கள் இப்போது நிற்கும் இடம்தான் ஐயா வெளியே என்றேன்.

பாஸ் ஒருவரைக் கூப்பிட்டு, சாப்பாட்டு அறைச் சுவர் அந்தக் கல்சுவரில் முட்டும் மூலையை உளியால் கொஞ்சம் உடைக்கச் சொன்னோம். செங்கல் இரண்டு விழுந்தது. பின்னால் பழைய சுண்ணாம்பு பூசிய கல்சுவர், மழைக்கறையோடு, நிற்காமல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. வெள்ளையடித்து, பல மழை நனைந்த சுவரின்மேல் பிறகு வந்து சாய்ந்ததுதான் சாப்பாட்டு அறை. இதற்குச் சாட்சி வேறு வேண்டியதில்லை. படம் பிழை, பிழை விட்டவன் நான் என்று பணிப்பாளரிடமும் ஆங்கிலத்தில் சொன்னேன். மிஸ் பணிப்பாளரின் கடிதத்தை எடுத்துச் சத்தமாக வாசித்தார். பிறகு என்னிடம், ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி, தமிழில் சொல்லிவிட்டு அதையே அவருக்கு ஆங்கிலத்திலும் சொன்னார்.

"இந்தக் கடிதத்தின்படி பாத்தா, குசினியை விட்டிட்டு மிச்சம் முழுக்க இடிக்கவேணும். தூணும் சேர்த்து."

பணிப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். யோசித்தார். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். அவர் தலை நிமிர்ந்தபோது கண் பளபளவென்று இருந்தது. அப்படியானால் இந்த வீட்டிலேயே விலை கூடிய அறை இதுதான் என்றார். இதைப் பெரிய கட்டில், கண்ணாடிக் கூரை, குளியல்தொட்டி வைத்த விருந்தாளி அறையாக்கலாம். சுவரை இடிக்க வேண்டாம், ஆட்களை மட்டும் நாளைக்கே அனுப்பிவிடுங்கள் என்றார்.

சுவரைக் காப்பாற்றிவிட்டு, அதற்குள் இருந்தவர்களைத் தெருவில் விட்டிருக்கிறேன். இந்த மாதிரி நேரத்தில் நமக்குக் கிடைப்பது அரை நிமிடம்தான். அந்த அரை நிமிடத்தில் எதிராளியின் சொல்லை நன்றாகக் கேட்டுவைத்திருந்தால், அதையே பிடித்துக்கொள்ளலாம். நான் சிவப்புப் பேனாவை எடுத்துப் படத்தின்மேல் வைத்தேன். குளியல்தொட்டியை எங்கே போடட்டும் என்று மிகவும் பணிவாகக் கேட்டேன். அந்தச் சுவரில் ஒரு குழாய் நுழைந்தாலும் அது பிற்சேர்க்கை, சிவப்பில்தான் வரைய வேண்டும், சிவப்பில் வரைந்தால் உங்கள் கடிதத்தின்படி பாஸ்மார் வந்து உடைத்துவிடுவார்கள் என்றேன். முதல் துரை கக்கூஸுக்குக் குடை பிடித்துக்கொண்டு தோட்டத்துக்குள்தான் போயிருப்பார், விருந்தாளிகளும் அப்படியே போகட்டும் என்றேன்.

மிஸ் ஒரு கணமும் தாமதிக்கவில்லை. அந்த அடுப்பு தினமும் எரிய வேண்டும், புகை இல்லாவிட்டால் கூரை மரத்தைக் கறையான் தின்றுவிடும், கல் ஈரம் இழுக்கும், ஆகவே அங்கே யாராவது குடியிருந்து சமைத்துக்கொண்டிருப்பதுதான் அந்த அறையின் அசல் என்றார். கறையான் விஷயம் உண்மை. மற்றதை அவர் முகத்தை வைத்து நம்பவைத்தார்.

ராக்கம்மா ஈரத்துணியோடு வந்து பணிப்பாளரின் காற்சட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் அவளையும், அவளுக்குப் பின்னால் தெரிந்த கல் அடுப்பையும் மாறிமாறிப் பார்த்தார். விருந்தாளிகளுக்கு இந்த அம்மா அடுப்பைக் காட்டுவாரா என்று கேட்டார். கேள்வியை மிஸ் மொழிபெயர்த்தார். ராக்கம்மா, ரொட்டியும் சுட்டுக் குடுப்பேன்னு சொல்லுங்க என்றாள். அங்கேயே படத்தில் திருத்தம் எழுதி, அவர் கையெழுத்துப் போட்டார். கடிதத்திலும் தூண்களுக்கு மன்னிப்புக் கொடுத்து ஒரு வரி சேர்த்தார்.

இந்தக் கதையைப் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். வழக்கமாகப் பூசணிக்காய் விழும் இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள், கையெழுத்தோடு நான் முடித்துக்கொள்வேன். மிச்சத்தை உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன்.

கார் போனபின் நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு குசினிக்குள் போனேன். வேலாயுதம் அடுப்போரம் உட்கார்ந்திருந்தார். கோட்டுக் கையில் கோழிக்கறி. ஒரு மூலையில் பாய், தலையணை, சாமிப் படம் எல்லாம் சாக்கில் கட்டித் தயாராக இருந்தது. அவர் என்னை இருக்கச் சொல்லவில்லை.

"மொதல்ல எங்க வீட்டை செவப்புல போட்டது யாரு தம்பி? அந்த அம்மாவா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். மிஸ் இரவு ரயிலில் போய்விடுவார்.

"இல்லைங்க. நான்தான்."

"உள்ள வந்து பாக்காமயா?"

"ஆமாங்க."

கோபமாகத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"வெள்ளிக்கெழமையிலேருந்து இவ சாப்பிடலை," என்றார்.

மன்னிச்சுக்குங்க என்று சொன்னேன். அது எவ்வளவு சின்னச் சொல் என்று சொன்னபிறகுதான் தெரிந்தது. கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை. ராக்கம்மா சாக்கைப் பிரிக்க ஆரம்பித்தாள். முதலில் பாயை எடுத்துத் தரையில் போட்டாள்.

"அழுதது போதும். இப்பவாச்சும் ஒழுங்கா அளந்துக்கங்க," என்றாள்.

பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தேன். வேலாயுதம் எழுந்து வந்து, நாடாவின் மறுமுனையை வாங்கிக்கொண்டு போய்ச் சுவரோடு பிடித்துக்கொண்டு நின்றார்.